கடைசி மேசை

உலக இளம் விஞ்ஞானிகள் போட்டி முடிந்து, விமான நிலையத்துக்குப் பேருந்து கிளம்பும் நேரம். லியானா என்ற வெளிநாட்டு மாணவி மட்டும் ஏறவில்லை. போட்டியை நடத்திய கல்லூரியின் இயற்பியல் ஆசிரியை தமயந்தி அவளைத் தேடிக் கண்காட்சி அரங்குக்கு ஓடினாள். தன் ஊர் ஆற்றில் அரசு ஆலை கலக்கும் நஞ்சை அளந்து காட்டி முதல் பரிசு வாங்கியவள், கடைசி மேசைக்கடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா இது? ஃப்ளைட்டுக்கு நேரமாச்சே!"

"எங்கப்பாவைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க மேடம்," என்றாள் தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில். "நான் போய் இறங்கினா என்னையும் பிடிச்சிடுவாங்க."

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. மாணவியோடு வந்திருந்த அவள் நாட்டு அதிகாரி நின்றிருந்தார். தமயந்தி மேசை விரிப்பைச் சட்டென்று கீழே இழுத்துவிட்டாள்.

"உள்ளே யாராவது இருக்காங்களா?"

மறைத்தது தெரிந்தால் தமயந்திக்கு வேலை போகும், போலீஸ் வரும், வீட்டில் என்ன சொல்வது?

"யாரும் இல்லை சார். நான் பார்த்துட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். ஆனால் திரும்பிப் போகவில்லை. முதல் மேசையின் விரிப்பைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டாவது. அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். விரிப்புக்குக் கீழிருந்து நீண்ட ஒரு கை தமயந்தியின் சேலைக் கொசுவத்தைப் பற்றிக்கொண்டது.

அவர் எதிரே வந்து நின்றார்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க மேடம்."

அவள் தள்ளிக்கொள்ளவில்லை.