நீலச் சட்டைக்காரி

"மறுபடியும் ரெண்டாவது சீசன்தானுங்களா?" நசுருதீன் பாய் சிரித்தார். "நாலு மாசத்துல பத்துத் தடவ எடுத்துட்டுப் போயிட்டீங்க. தட்டே தேஞ்சு போச்சுங்க."

ஆர்.எஸ்.புரத்தில் அவருடைய வீடியோ லைப்ரரி வாசலில், ஸ்கூட்டரை ஒட்டி நின்ற லோகப்பிரியாவுக்கு எல்லாமே கேட்டது.

"இந்தத் தடவ திருப்பித் தரப்போறதில்லீங்க பாய். வெலைக்கே குடுத்துருங்க" என்றான் அவள் கணவன் தனபால்.

'ஏழாம் சந்திரன்' என்று ஓர் ஆங்கிலத் தொடர். நட்சத்திரங்களுக்கு நடுவே வழி தவறிய விண்கலம் ஒன்றின் கதை. தமிழில் பேசவைத்து வி.சி.டி.யாக வந்திருந்தது. இரண்டாவது சீசனில்தான் அந்தப் பெண் கேப்டன் வருகிறாள். நீலச் சட்டை, வெட்டிய முடி.

"மூணாவது சீசனே வந்துருச்சுங்க. அதுலயும் அதே பொண்ணுதான். சண்டையெல்லாம் இன்னும் அருமை."

"பாத்துட்டேனுங்க. பத்து நிமிசம்கூட ஒக்கார முடியல."

"என்னமோ போங்க." பாய் வாசலை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, ஊட்டுக்காரர இப்படி ஒரு வெள்ளக்காரிகிட்ட உட்டுப்போட்டு நிக்கறீங்களே, கேக்க மாட்டீங்களா?"

லோகப்பிரியா சாலையைப் பார்த்தாள்.

"அவளுக்கு நான் இதப் போடறதே புடிக்காதுங்க" என்று தனபால் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டான். ஆறு தட்டுகள் கொண்ட பெட்டி.

போத்தனூர் வரும் வரை அந்தப் பெட்டி லோகப்பிரியாவின் மடியில்தான் இருந்தது. அட்டையில் நீலச் சட்டைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்கட்கிழமை போய்விடுவாள். இனிமேல் போகமாட்டாள். இதே வீட்டில், அலமாரியில், தினமும் இருப்பாள்.

அவளைத் தானே மடியில் வைத்து அழைத்துக்கொண்டு போவதை நினைத்தபோது லோகப்பிரியாவுக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் தனபால் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. முதல் தட்டைப் போட்டான். இந்த வி.சி.டி.க்களில் ஒரு ஸ்பீக்கரில் ஆங்கிலம் வரும், மற்றதில் தமிழ் வரும். ஆங்கில ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

டி.வி.யில் அவள் பேச ஆரம்பித்தாள். கட்டளையிட்டாள். ஒருவனைக் கேலி செய்தாள். எதற்கோ கலகலவென்று சிரித்தாள்.

தனபாலின் உதட்டோரத்திலும் ஒரு சிரிப்பு வந்தது. லோகப்பிரியாவுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். கல்யாணமான புதிதில் அது அவளுக்கு மட்டும் உரியதாக இருந்தது.

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறான் என்றால், அந்த நீலச் சட்டைக்காரி எங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள்?

அவள் இந்த வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்த பிறகு லோகப்பிரியாவிடம் அவன் பேசுவதே குறைந்துவிட்டது. 'சாப்பிட்டியா?' 'மோட்டார் போட்டியா?' அவ்வளவுதான். அதற்கும் பதிலை எதிர்பார்க்காமல் நகர்ந்துவிடுவான்.

இன்று இதை முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஒன்று அவள் இந்த வீட்டில் இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன்.

பெட்டியைத் திறந்து இரண்டாவது தட்டை எடுத்தாள். அவன் முன்னால் போய் நின்றாள். இரண்டு கைகளாலும் பிடித்து வளைத்தாள்.

நிழல் விழுந்ததில் தனபால் கண்ணைத் திறந்தான்.

"லோகு, அத வெய்யி."

அவள் வைக்கவில்லை.

"அவ உன்ன என்ன பண்ணுனா? எதுக்கு அவ மேல இவ்வளவு கோவம்?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜங்ஷனில் ஏதோ ஒரு வண்டி நின்று, கிளம்பி, போயே போய்விட்டது. அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டு வில்லாக வளைந்திருந்தது.

"சரி" என்றான். "ஒடைக்கணும்னா ஒடைச்சுப்போடு. ஆறையும் ஒடைச்சுப்போடு. நான் ஒண்ணுஞ் சொல்லல. ஓடற இந்தத் தட்டு முடியற வரைக்கும் சித்த கேக்க உடு, லோகு."

அவன் குரல் கெஞ்சியது. தனக்காக அவன் இப்படிக் கெஞ்சி எத்தனை நாளாயிற்று! அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தட்டு பட்டென்று ஒடிந்தது.

தனபால் எழவில்லை. கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டான். டி.வி.யில் நீலச் சட்டைக்காரி எதையும் பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கொடுமுடியிலிருந்து வந்திருந்தாள் தனபாலின் அக்கா சாமியாத்தாள். ஒரு நிமிடம் வாசலிலேயே நின்று காதைக் கொடுத்தவள், கையிலிருந்த பையை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தாள். லோகப்பிரியாவின் இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு! லோகு! பேச்சு வந்துருச்சா உனக்கு? இனி வராதுன்னு டாக்டரே கையை விரிச்சாரே! வாசல்லயே உன்ற குரலக் கேட்டுப்போட்டேன்!"

லோகப்பிரியாவின் உதடுகள் மூடியே இருந்தன. தொண்டையில் கட்டி வருவதற்கு முந்தைய வருடம் மெட்ராசில் அவள் டப்பிங் பேசிக் கொடுத்த குரல், அவள் முதுகுக்குப் பின்னால், விண்கலத்தை இடதுபக்கம் திருப்பச் சொல்லிக்கொண்டிருந்தது.