இருக்கிறதிலேயே கசப்பானது

"இதைவிடக் கசப்பா வேற இல்லையா சார்?"

கப்பைக் கீழே வைத்த பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார் தேயிலைக் கடைக்காரர். இருபது வருஷமாக கிரீன் டீ விற்கிறார். கசக்காததாகக் கேட்டு உயிரை எடுப்பவர்கள்தான் இதுவரை வந்திருக்கிறார்கள்.

"கசந்தா அது மட்டமான சரக்கும்மா. இதைப் பாருங்க, ஆவியில வாட்டின கொழுந்து. தொண்டையில லேசா இனிக்கும். இது இரும்புச் சட்டியில வறுத்தது. மல்லிகை வாசத்துலகூட இருக்கு."

"நல்லதெல்லாம் வேணாம். எங்க வீட்டுக்காரருக்குத்தான்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அவ்வளவு கோபமா மனுஷன் மேல?"

அவள் சிரிக்கவில்லை. "இன்னிக்குச் சாயங்காலம் அவர் ஒரு கப்பாவது முழுசாக் குடிச்சாகணும். நாளைக்குத் தள்ள முடியாது."

அடித்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். கடும் வெயில் காலத்தில் பறித்த, உடைந்து தூளாகிப்போன இலை. வெந்நீரை ஆறவைக்கப் போனவரை அவள் தடுத்தாள்.

"கொதிக்கக் கொதிக்க ஊத்துங்க. பத்து நிமிஷம் ஊறட்டும்."

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல விட்டா வாயில வைக்க முடியாதும்மா!"

"அதுதான் வேணும்."

பத்தாவது நிமிஷம் ஒரு மடக்கு குடித்தாள். முகம் கோணி, கண்ணில் நீர் முட்டியது. வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு நிம்மதி.

"இதையே கொடுங்க. பாக்கெட் மேல, 'இந்தத் தேயிலை கசப்பாகத்தான் இருக்கும்'னு உங்க கையால எழுதி, கடை முத்திரையும் குத்திடுங்க. நான் சொன்னா அவர் நம்ப மாட்டார்."

பேனாவைத் திறந்த கடைக்காரருக்குச் சுரீரென்றது. இந்தக் கசப்பில் எதைக் கலந்தாலும் தெரியாது. குடிக்கிறவன் சந்தேகப்பட்டால் நீட்ட, கடைக்காரன் கையெழுத்து வேறு!

பாக்கெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லும்மா. இதுல எதைக் கலந்து கொடுக்கப் போற? சொல்லலைன்னா இப்பவே போலீஸைக் கூப்பிடுவேன்."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கலக்குறதுக்கு என்ன சார் இருக்கு? இனிமே மருந்தே வேணாம்னு டாக்டரே அவரை வீட்டுக்கு அனுப்பிட்டார்."

"அப்புறம் எதுக்கு இந்தக் கசப்பு?"

"மூணு நாளா பால் கசக்குது, பழம் கசக்குது, பச்சைத் தண்ணிகூடக் கசக்குதுன்னு எல்லாத்தையும் துப்பறார். நாக்கே செத்துப்போச்சு, அடுத்தது நான்தான்னு சின்னப் பிள்ளை மாதிரி அழறார்."

கடைக்காரர் பாக்கெட் மேல் எழுத ஆரம்பித்தார்.

"இது மட்டும் எல்லாருக்கும் கசக்கும்ல சார்?"