எட்டாம் கட்டளை

"பத்துக் கட்டளையில ஏழாம் கட்டளையோட நிறுத்திட்டீங்களே, ஏன்?" என்று கேட்டார் தலைமையாசிரியை சிஸ்டர்.

நான்காம் வகுப்புக்கு மறைக்கல்வி எடுக்கும் பிலோமினா டீச்சர் தடுமாறினாள். "அடுத்த வாரம் எடுக்கலாம்னு இருந்தேன் சிஸ்டர்."

"நாளைக்கே ஃபாதர் கேள்வி கேக்க வாராரு. இன்னிக்கே முடிங்க."

வேறு வழியில்லை. பொய் சொல்லக்கூடாது என்ற எட்டாம் கட்டளையை டீச்சர் நடத்தினாள். முதல் பெஞ்சில் மரிய வினிதா கண்கொட்டாமல் கேட்டாள்.

மறுநாள் ஃபாதர் கேட்டதும் அவள்தான் முதலில் எழுந்து எட்டாம் கட்டளையைப் பிசகாமல் ஒப்பித்தாள்.

"சபாஷ்! நீ பொய்யே சொன்னதில்லையா?"

குழந்தை விசும்பினாள். "சொல்லிட்டேன் ஃபாதர். எம்பேரு பாண்டிச்செல்வி. நாங்க இந்து. ஹாஸ்டல்ல கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குத்தான் இடம்னு டீச்சர் பேரை மாத்தி எழுதிச் சேத்தாங்க."

உண்மை பேசியதற்காக ஃபாதர் அவளுக்கு ஜெபமாலை பரிசளித்தார். டீச்சருக்கு அன்றே வேலை போயிற்று.

"என்னைய விடுங்க சிஸ்டர்," என்று கெஞ்சினாள் டீச்சர். "அவ தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. சித்தப்பன்கிட்ட மட்டும் அனுப்பாதீங்க. அவன் சூடு போட்டே கொன்னுருவான். அவனுக்குத் தெரியாம இருக்கவும்தான் பேரை மாத்துனேன்."

"இம்புட்டு நாள் பொய் சொன்னவங்க பேச்சை எப்படி நம்புறது?"

சிஸ்டர் சொல்லியனுப்ப, சாயந்தரமே சின்னாளப்பட்டியிலிருந்து சித்தப்பன் வந்து குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தான். வாசலில் நின்ற டீச்சரை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நான் சரியாத்தான சொன்னேன் டீச்சர்?"