நாலாவது போல்ட்

பின்சீட்டில் குழந்தை எடுத்திருந்த வாந்தியைத் துடைக்கத் துடைக்கச் சந்திரனுக்கே குமட்டிக்கொண்டு வந்தது. இந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன ஏசியால் வந்த வினை.

சென்னையில் அந்தக் குடும்பம் சிரித்துக்கொண்டுதான் ஏறியது. ஏசியைப் போட்டதுதான் தாமதம், பானெட்டுக்குள் தகரக் கொட்டகை மேல் கல் விழுவதுபோல் டமடமவென்று அடிக்க ஆரம்பித்தது. "தம்பி, மொதல்ல அத நிறுத்துப்பா! வண்டி வெடிச்சுத் தொலையப் போவுது!" என்று அந்த அம்மாள் அலற, நிறுத்தினான். மே மாத வெயிலில் கண்ணாடியை இறக்கினால் அனல், ஏற்றினால் புழுக்கம். நாகலாபுரம் வருவதற்குள் குழந்தை துவண்டுவிட்டது.

திருப்பதியில் லாட்ஜ் வாசலில் இறங்கும்போது அந்த அம்மாள் அவன் முகத்தைப் பார்த்தே கேட்டாள். "ஏசி வண்டின்னு சொல்லி முழு வாடகையும் வாங்கிட்டீங்க. நீங்கள்லாம் சோத்தத்தான் திங்கறீங்களா?"

அவள் கேட்டதில் என்ன தப்பு?

சத்தியவேடு பக்கம் கூலிக்குக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவன் சந்திரன். லைசென்ஸ் எடுத்துத் திருப்பதிக்கு வந்து, நாளையோடு மூன்று மாதம். முதலாளி முனிகிருஷ்ணன் எஸ்.டி.டி. பூத்தோடு சேர்த்து டிராவல்ஸும் நடத்துகிறவர். மூன்று மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் செய்வேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நிரந்தரமானால் ஒரு அறை பிடித்து, நகரியில் அம்மா வீட்டில் ஏழு மாத வயிற்றோடு இருக்கும் தாட்சாயணியை அழைத்து வந்துவிடலாம்.

ஏசி சத்தத்தைப் பற்றி முதலாளியிடம் இரண்டு தடவை சொல்லியாயிற்று. "சித்தூர் ரோட்டு மெக்கானிக்கு பாத்துட்டாம்பா. கம்ப்ரசரே பூடுச்சாம், புதுசு போடணுமாம். பாக்கலாம்," என்றார். "நீ மட்டும் ஏசி இல்லன்னு சொல்லாத. கேட்டா போட்டு வுடு. அவங்களே நிறுத்தச் சொன்னா நிறுத்து." இவ்வளவு கெட்ட பெயருக்கு நடுவிலும் பதறாத மனுஷன் என்று சந்திரனுக்கு அவர் மேல் மரியாதைதான் வந்தது.

இன்றைக்கு இந்தச் சனியனை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை. வாந்தித் துணியைத் தூக்கி எறிந்துவிட்டு, வண்டியை நேராக ரேணிகுண்டா ரோட்டில் இருந்த வேதாச்சலத்தின் ஷெட்டுக்கு விட்டான். கார் ஏசியில் அவர் கை பட்டால் தப்பாது என்று டிரைவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

வேதாச்சலம் ஏசியைப் போடச் சொன்னார், நிறுத்தச் சொன்னார், மறுபடி போடச் சொன்னார். போட்டால் டமடம. நிறுத்தினால் கப்சிப்.

"மத்தவனுங்க இத்தோட கம்ப்ரசர் அவுட்டுன்னு சொல்லிடுவானுங்க," என்றவர், இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, கம்ப்ரசரைக் கையாலேயே சுற்றிப் பார்த்தார். வழவழவென்று சுற்றியது. பெல்ட்டை மாட்டி ஓட விட்டு, நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கம்ப்ரசர் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"உள்ள ஒரு கோளாறும் இல்ல நைனா. இத்த தாங்கிப் புடிக்கிற பிராக்கெட்தான் ஆடுது. நாலு போல்ட் இருக்கணும். மூணுலயே தொங்கிக்கினு கீது."

"ஒண்ணு கழண்டு வுழுந்துடுச்சா?"

வேதாச்சலம் டார்ச் அடித்துப் பார்த்தார். "தானா வுழுந்திருந்தா மரை மழுங்கிப் போயிருக்கும். இது புதுசாட்டம் கீது. ஸ்பேனர் போட்டு எவனோ கழட்டிக்கிறான்."

சந்திரனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டுப் புதுக் கம்ப்ரசர் விற்கப் பார்த்திருக்கிறான் அந்தச் சித்தூர் ரோட்டு மெக்கானிக்! எத்தனை குழந்தைகள் வாந்தி எடுத்தன, எத்தனை பேர் வாயில் இவன் விழுந்தான். அருவருப்புத் தாங்காமல் ஷெட் வாசலில் காறித் துப்பினான்.

போல்ட்டைப் போட்டு முறுக்கியதும் சத்தம் போன இடம் தெரியவில்லை. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, சில்லென்ற காற்று முகத்தில் அடிக்க, தாட்சாயணிக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்தபடியே பூத்துக்கு வந்து சேர்ந்தான்.

"அண்ணா, வந்து கேளுங்க!" இன்ஜினை உறுமவிட்டு ஏசியைப் போட்டுக் காட்டினான்.

முனிகிருஷ்ணன் வெளியே வந்து பானெட் மேல் காதை வைத்துக் கேட்டார். "சத்தமே லேதே," என்றார். "இன்னா பண்ண?"

"கம்ப்ரசரு நல்லாத்தாண்ணா கீது! ஒரு போல்ட்டுதான் இல்ல. அந்தத் திருட்டு மெக்கானிக்கு கழட்டிக்கிறான். இனிமே யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டாங்க. மெட்ராஸ்ல போட்டா திருப்பதி வரைக்கும் ஏசி ஓடும்ணா!"

"ஓடும், ஓடும். டீசலயும் துன்னும்." முனிகிருஷ்ணன் சந்திரனை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்குத்தாம்பா ஒவ்வொருத்தனயும் மூணு மாசம் வெச்சிப் பாக்கறது."

வேலை நிரந்தரமாகிவிட்டது என்று சந்திரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கும்பிடப் போனவனின் முன்னால் முதலாளியின் கை நீண்டது.

"போல்ட்ட கழட்டுனது நான்தான், சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு."