காக்கிக்கு ஒத்துவரும் நாய்

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, அவள் சேலைக்கு மேல் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

நாய்ப் பண்ணையின் கேட்டைத் திறந்ததும் தொடங்கிய குரைப்பு இன்னும் ஓயவில்லை.

கோம்பை கம்பிக்கூண்டை உலுக்கியது. ராஜபாளையம் எழுந்து நின்று உறுமியது. எனக்கென்ன வந்தது என்று படுத்திருந்த கிழட்டு பக் நாய்கூட மூச்சு வாங்க எழுந்து வந்து, தன் பங்குக்குக் கொஞ்சம் குரைத்துவிட்டுப் போய்ப் படுத்தது.

எல்லாம் அவளைப் பார்த்துத்தான்.

"போஸ்ட் ஆபீஸாக்கா?" என்றார் பண்ணைக்காரர். "எந்த ஜாதி நாயா இருந்தாலும் காக்கியக் கண்டா ஆகாதுக்கா. சும்மா சேலையில வந்திருக்கலாம்ல?"

வரலாம்தான். ஆனால் தினமும் சாயங்காலம் அவள் வீடு திரும்புவது இந்தச் சட்டையில்தானே?

ஊர் நாய்கள் குரைத்துவிட்டுப் போகட்டும். தபால்காரியாகிவிட்டால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கெண்டைக்காலில் தழும்புகூட இருக்கிறது. ஆனால் வேலை முடிந்து வந்து, தன் வீட்டு வாசலிலும் பயந்துகொண்டு நிற்க அவளால் ஆகாது.

அதனால்தான் இத்தனை வருடமும் நாய் வேண்டாம் என்றாள். இப்போது, காக்கிக்கு ஒத்துவரும் நாயாக இருந்தால் சரி என்று வந்திருக்கிறாள்.

அவள் கணவர் அய்யாத்துரைக்கு நாய் என்றால் உயிர். கல்யாணத்துக்கு முன் வளர்த்த நாயை, புதுப்பெண் பயப்படுகிறாள் என்று அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர். அதை ஒரு நாளும் அவர் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போது அவர் குட்டிகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒன்று. தோளில் ஒன்று. கறுப்புக் குட்டி ஒன்று வேட்டி நுனியைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

கல்யாணப் போட்டோவில்கூட அவர் இப்படிச் சிரித்ததில்லை.

பண்ணைக்காரர் விசாரித்தார். வீட்டில் இடம் எப்படி, பகலில் யார் இருப்பார்கள், ஓடவிட்டுப் பழக்க ஆள் உண்டா. எல்லாவற்றுக்கும் அய்யாத்துரையே பதில் சொன்னார். நாள் முழுக்கத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு, அதிகம் ஓடாத ஜாதிதான் தோது என்று முடிவாயிற்று.

அவளுக்கு எது தோது என்று யாரும் கேட்கவில்லை.

"பயப்படாத கனி. நீ பயப்படுறது அதுகளுக்குத் தெரிஞ்சிருது. அதான் குலைக்குது."

கல்யாணமான நாளிலிருந்து இதையேதான் சொல்கிறார்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சட்டையைக் கழற்றினாள். அவரிடம் நீட்டினாள்.

"நீங்க போட்டுப் பாருங்க."

சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டார். தோள் கொஞ்சம் பிடித்தது. தையல்காரர் அல்லவா, காலரை வேறு சரிசெய்துகொண்டார்.

எழுந்து திரும்பினார்.

கோம்பை பாய்ந்தது.

கூண்டுக்குள்தான். ஆனாலும் அவர் பின்வாங்கினார். அதுவரை கையை நக்கிக்கொண்டிருந்த குட்டிகள் சிதறி ஓடின. தூரத்தில் நின்று, வாலை இடுக்கிக்கொண்டு குரைத்தன.

"ஏலே, நான்தாம்ல" என்றார்.

ஒன்றும் நம்பவில்லை.

பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டி நின்றார். முகம் வெளிறிவிட்டது. பிறந்ததிலிருந்து ஒரு நாயிடமும் திட்டு வாங்காத மனிதர்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"தெனமும் இப்படியா கனி?"

குரல் இறங்கியிருந்தது.

சிரிப்பு தானாக நின்றது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இதைக் கேட்க இவருக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. கேட்டாரே, அதுவே அவளுக்கு நிறைவாக இருந்தது.

"நாயும் வேணாம், ஒண்ணும் வேணாம். வா, போயிருவோம்." பொத்தானில் கை வைத்தார்.

"கழட்டாதீங்க" என்றாள்.

கறுப்புக் குட்டி வந்துகொண்டிருந்தது.

குரைத்துக்கொண்டேதான் வந்தது. குரைத்துக்கொண்டே அவர் கால் விரலை மோந்தது. பாதிக் குரைப்பில் நின்றது. சட்டையை அண்ணாந்து பார்த்தது. மறுபடி விரலை மோந்தது.

வால் மெல்ல ஆடியது.

பிறகு வேட்டி நுனியைக் கவ்விக்கொண்டு, விட்ட வேலையைத் தொடர்ந்தது.

காக்கிக்குள் ஒரு ஆள் இருப்பதை அது கண்டுபிடித்துவிட்டது.

"இது போதும்" என்றாள் அவள்.

பண்ணைக்காரர் தயங்கினார். "அது கன்னி நாய்க்கா. வேட்டை ஜாதி. நல்லா ஓடணும். தையக்காரருக்குத் தோதுப்படாதே."

"ஓட நான் இருக்கேன். தெனமும் ஓடிப் பழகுன காலுதான்."

திரும்பும்போது அவள் ஸ்கூட்டரை ஓட்டினாள். அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். குட்டிக்குப் பழகட்டும் என்று சட்டையைக் கழற்றவில்லை. சட்டைக்குள் குட்டி.

தெருமுனையில் வழக்கமான நாய்க் கூட்டம் படுத்திருந்தது. காக்கியைப் பார்த்ததும் எழுந்தது. அவளை விட்டுவிட்டுப் பின்சீட்டை நோக்கி ஓடிவந்தது.

அவர் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார். "ஏ கனி, விரசா போ!"

அப்போது சட்டைக்குள்ளிருந்து ஒரு குரைப்பு கிளம்பியது. கீச்சுக் குரல். தெரு நாய்களைப் பார்த்து.

காக்கியின் பக்கம் நின்று ஒரு நாய் குரைத்து அவள் கேட்டதே இல்லை.

இன்னும் நன்றாகக் கேட்க வேண்டும் என்று, அந்தத் தெருவில் முதல்முறையாக, வண்டியை நிறுத்தினாள்.