வாளியில் அளந்த தண்ணீர்

ஒரு பனியனுக்குச் சாயமேற்ற எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதைப் பத்து வருடமாக, சுற்றுச்சூழல் கணக்கெடுக்கும் அந்த அலுவலகத்தின் அறிக்கையில் தமயந்திதான் எழுதிவந்தாள். புதிதாகச் சேர்ந்த இன்பராஜ் பதினெட்டு நாள் சாயப்பட்டறையில் நின்று மீட்டர் பார்த்து, வேறொரு எண்ணைக் கொண்டுவந்தான். மேலாளர் அவன் தோளில் கைபோட்டுப் பேசியதைக் கண்ணாடித் தடுப்பு வழியே பார்த்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. அவனுடைய தரவின் தரத்துக்கு மதிப்பெண் போடும் வேலை அவளிடமே வந்தது. ஒன்று என்றால் உத்தமம், ஐந்து என்றால் குப்பை. குறை தேடிப் பட்டறைக்கே போன் செய்தாள்.

“அந்தத் தம்பிங்களா? ஒருநாள் மீட்டர் நின்னுபோச்சுங்க. வாளியில மொண்டு மொண்டு அளந்தாருங்க,” என்றார் மேஸ்திரி.

அது போதுமாக இருந்தது. நாலு போட்டாள். அறிக்கையில் அவளுடைய பழைய எண்ணே நின்றது.

சாயங்காலம் இன்பராஜ் அவள் மேசைக்கு வந்தான். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“உங்க எண் எந்தப் பட்டறையில எடுத்ததுங்கக்கா? நானும் போய்ப் பாத்துக் கத்துக்கறேன்.”

தமயந்தி ஏதாவது ஓர் ஊர்ப்பெயரைத் தேடினாள். இத்தனை வருடத்தில் ஒரு பட்டறையின் வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை.