பதினோரு கைகள்

‘கருங்கீரி’ படத்தொடரின் ஏழாம் பாகத்தில், நாயகன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டு அழும் காட்சியைத் தூக்க வைத்தவளே அமுதவல்லிதான். “ஆறு பாகமா யாருக்கும் தலை குனியாதவன் திடீர்னு எப்படிடா அழுவான்?” என்று அவள் இணையத்தில் எழுதியதற்கு ரசிகர்கள் லட்சக்கணக்கில் வாக்களித்தார்கள். மறுநாளே காட்சி காணாமல் போனது. பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று அவள் அப்பாவுக்குப் பதினாறாம் நாள். இனிமேல் கூடத்துத் திரையில் கணினி உருவமாகப் பேசப்போகும் அப்பா எப்படிப்பட்டவர், அவருக்கு எந்தெந்த நினைவுகள் இருக்கலாம் என்று சொந்தபந்தம் உட்கார்ந்து கை தூக்கி முடிவுசெய்ய வேண்டும்.

அமுதவல்லி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சுக்கிட்டு, ‘உன்னப் படிக்கவிடாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிரும்மா’ன்னு அழுதாரு. அது இருக்கணும்.”

பெரியப்பா சிரித்தேவிட்டார். “என் தம்பியா? எழுபது வருஷமா எவன்கிட்டயும் மன்னிப்புக் கேக்காதவன், திடீர்னு எப்படிம்மா அழுவான்?”

“நான் பார்த்தேன் பெரியப்பா!”

“நீ ஒருத்திதானே பார்த்தே?” என்றாள் அத்தை.

பதினோரு கைகள் அவளுக்கு எதிராக உயர்ந்தன. அதில் ஒன்று அவள் அண்ணனுடையது.

திரையில் அப்பா கண் திறந்தார். அமுதவல்லி கிட்டே போனாள். “அப்பா, ஆஸ்பத்திரியில என்கிட்ட என்ன சொன்னீங்க?”

“என்னத்தச் சொன்னேன்? பொட்டப்புள்ளைக்குப் படிப்பு எதுக்குன்னு அன்னைக்கே சொன்னேன். இன்னைக்கும் அதேதான்.”

“அச்சு அசல் அவனேதான்!” என்று பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.